ஒற்றை அடையாளத்திற்கு அப்பால்: மறைமலையடிகளின் அறிவுப்பரப்பும் தனித்தமிழ் முத்திரையும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சிந்தனையாளர் ஏதேனும் ஒரு கருத்தினால் மக்களிடையே பெயர்பெற்ற பின்னர், அக்கருத்தே அவருடைய ஏனைய பணிகள் அனைத்தையும் மறைத்துவிடுவது உண்டு. தமிழ் அறிவு வரலாற்றில் இதற்குத் தக்க சான்றாக அமைபவர் மறைமலையடிகள் (1876–1950). 1916ஆம் ஆண்டினைத் தொடக்கமாகக் கொண்ட தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை என்றே இன்று அவர் அறியப்படுகிறார். ஆயினும் அதற்கு முன்னரே அவர் சைவ சித்தாந்த அறிஞராகவும் சங்க இலக்கிய ஆய்வாளராகவும் இதழாசிரியராகவும் நிலைபெற்றிருந்தார். அதற்குப் பின்னரும் உடல்நலம், உளவியல், புதினம், காலஆராய்ச்சி எனப் பல துறைகளில் தம் பெயரை விரிவாக்க முயன்றார். அம்முயற்சிகளின் தன்மையையும், தனித்தமிழ் என்னும் ஒரு கருத்து மட்டும் நிலைத்தமைக்கான காரணங்களையும், அந்நிலைபேறு வரலாற்றாய்வுக்கு ஏற்படுத்தும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மறைமலையடிகள், தனித்தமிழ், ஞானசாகரம், பொதுநிலைக் கழகம், சைவ சித்தாந்தம், பதிப்புத் திருத்தம், பொது அடையாளம்.

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அச்சு ஊடகமும் மேடைப் பேச்சும் பெருகியதன் விளைவாகத் தமிழ்ப் புலவரின் நிலை மாறத் தொடங்கியது. அரசவையையோ மடத்தையோ வள்ளலையோ சார்ந்து வாழ்ந்த புலவர், இதழ் வாங்குவோரையும் நூல் வாங்குவோரையும் சொற்பொழிவு கேட்போரையும் சார்ந்து வாழ வேண்டிய சூழல் உருவாயிற்று. இச்சூழலில் புலவரின் பெயர் என்பது அவர் கற்ற நூல்களின் தொகையை மட்டும் குறிக்கவில்லை. அவர் எக்கருத்திற்காக நிற்கிறார் என்பதையும் குறித்தது. உ.வே.சாமிநாதையர் என்றவுடன் சங்க நூற்பதிப்பும், திரு.வி.கலியாணசுந்தரனார் என்றவுடன் இனிய மேடைத்தமிழும் தொழிலாளர் இயக்கமும் நினைவுக்கு வருவது இவ்வகையினதே.

மறைமலையடிகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தனித்தமிழ் இயக்கத்தை மையமாகக் கொண்டே அமைந்துள்ளன. அவருடைய மொழிக்கொள்கையின் தாக்கத்தை நோக்க இது இயல்பானதே. எனினும், அவரது வாழ்நாள் முழுவதையும் 1916ஆம் ஆண்டின் ஒளியிலேயே படிக்கும்போது இரண்டு பிழைகள் நேர்கின்றன. முதலாவது, அதற்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகாலப் பொதுவாழ்வு வெறும் முன்னுரையாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது, அதற்குப் பிந்தைய பல்துறை நூல்கள் மையத்தினின்று விலகிய முயற்சிகளாகத் தோற்றமளிக்கின்றன. இவ்விரு பிழைகளையும் களைந்து, அவர் தம் பொதுப் பெயரை எவ்வாறு கட்டமைத்தார், எவ்வாறு விரித்தார் என்பதனைக் கால வரிசையில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தனித்தமிழுக்கு முன்னர் அமைந்த பெயர்

1876ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் நாகப்பட்டினத்தில் பிறந்த மறைமலையடிகளின் இயற்பெயர் வேதாசலம் என்பதாகும். தந்தையின் மறைவினால் பள்ளிக் கல்வியை நிறைவுசெய்ய இயலாத நிலையில், வெ.நாராயணசாமி பிள்ளையிடம் தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். சைவ சித்தாந்தத்தில் அவருக்கு ஆசிரியராக அமைந்தவர் சூளை சோமசுந்தர நாயக்கர். நாயக்கரின் கருத்துகளுக்கு மறுப்பு எழுந்தபோது, ‘முருகவேள்’ என்னும் புனைபெயரில் இதழில் எழுதி அவற்றை நிலைநாட்ட முற்பட்டதே வேதாசலத்தின் தொடக்ககால எழுத்துப் பணியாகும். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் நட்பும் இக்காலத்தில் அவருக்குக் கிடைத்தது. நல்லசாமிப் பிள்ளை 1897இல் தொடங்கிய ‘சித்தாந்த தீபிகை’யின் தமிழ்ப் பதிப்பிலும் அவர் பணியாற்றினார்.

1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு அகவை இருபத்தொன்று. தனித்தமிழ்ப் பெயர் புனைவதற்கு முன்னோடியான பரிதிமாற்கலைஞர் (வி.கோ.சூரியநாராயண சாத்திரியார்) அங்கு அவருடன் பணியாற்றினார். சூரியநாராயண சாத்திரியார் தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்ட காலத்தில் வேதாசலம் அவ்வழியைப் பின்பற்றவில்லை என்பது கருதத்தக்கது. அதாவது, கருத்து அவருக்கு மிக அருகிலேயே இருந்தும் அதனை அவர் தம்முடையதாக ஆக்கிக்கொள்ள ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் கழிந்தன.

1902இல் அவர் ‘ஞானசாகரம்’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். 1903இல் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையும் 1906இல் பட்டினப்பாலை ஆராய்ச்சியுரையும் வெளிவந்தன. பாட்டின் அடிகளை முன்பின்னாக மாற்றிக் கூட்டிப் பொருளுரைக்கும் நச்சினார்க்கினியரின் முறையை மறுத்து, பாட்டு அமைந்துள்ள வரிசையிலேயே அதன் கருத்தோட்டத்தை விளக்கியது இவ்வுரைகளின் புதுமையாகும். ஆங்கிலத் திறனாய்வு மரபின் பயிற்சி இதில் புலப்படுகிறது. காளிதாசரின் சாகுந்தல நாடகத்தை 1907இல் வடமொழியினின்று பெயர்த்தார். அடிசனின் ஆங்கிலக் கட்டுரைகளைத் தழுவியமைந்த ‘சிந்தனைக் கட்டுரைகள்’ 1908இல் வெளிவந்தது. அதே ஆண்டில் ‘ஓரியண்டல் மிஸ்டிக் மைனா’ என்னும் ஆங்கில இதழையும் நடத்தத் தொடங்கினார்.

மேடையிலும் அவர் பெயர் பரவியது. இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா எனக் கூறலாமா என்னும் விவாதம் மீண்டும் எழுந்தபோது, நா.கதிரைவேற் பிள்ளையின் தரப்பை எதிர்த்து 1903இல் வேதாசலம் சொற்போர் நிகழ்த்தினார். 1905இல் சைவ சித்தாந்த மகா சமாசம் தோன்றுவதிலும் அவர் முதன்மையான பங்கு வகித்தார். எனவே, 1911ஆம் ஆண்டிற்குள்ளேயே அவர் வடமொழி, ஆங்கிலம், தமிழ் ஆகிய மும்மொழிகளில் புலமையுடைய சைவ அறிஞர் என்னும் பெயரை ஈட்டியிருந்தார். அப்பெயருக்கு வடமொழிப் பயிற்சி இடையூறாக இருந்ததில்லை. மாறாக, அஃது அதன் தூண்களுள் ஒன்றாகவே இருந்தது.

2. பல்லாவரமும் பொதுநிலையும்

1911ஆம் ஆண்டு அவருடைய பொதுவாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தாய்மொழிக் கல்வி கட்டாயமற்றதாக்கப்பட்டமையால் கல்லூரித் தமிழாசிரியர் பணியிடங்கள் குறைந்தன. அவ்வாண்டு கல்லூரிப் பணியினின்று நீங்கிய வேதாசலம், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் குடியேறி, இராமலிங்க அடிகளின் கொள்கைவழியில் சமரச சன்மார்க்க நிலையத்தை நிறுவினார். அவ்வாண்டிலேயே துறவுக்கோலம் பூண்டு சுவாமி வேதாசலம் ஆனார். மனைவி மக்களுடன் வாழ்ந்துகொண்டே துறவியாகவும் அறியப்பட்டமை அவர்தம் காலத்திலேயே பேசுபொருளாயிற்று.

மாதச் சம்பளம் நின்ற பின்னர் அவர்தம் வாழ்க்கை இதழ், நூல், சொற்பொழிவு ஆகிய மூன்றையே நம்பியிருந்தது. தமிழகத்தின் பல ஊர்களுக்கும் இலங்கைக்கும் சொற்பொழிவுப் பயணங்கள் மேற்கொண்டார். பல்லாவரத்தில் தமக்கென அச்சுக்கூடம் அமைத்துக்கொண்டார். நூல்களைத் தொகுத்து ஒரு நூல்நிலையத்தையும் உருவாக்கினார். எழுதுதல், அச்சிடுதல், விற்றல், பேசுதல் ஆகிய அனைத்தையும் ஒருவரே ஓரிடத்திலிருந்து நிகழ்த்தும் இவ்வமைப்பு, நிறுவனச் சார்பற்ற அறிவாளர் ஒருவரின் தொழில் அமைப்பாக நோக்கத்தக்கது. அவர் எழுதும் பொருள்கள் பல்வேறு வகையினவாக விரிந்தமைக்கு அறிவு வேட்கையோடு இவ்வமைப்பும் ஒரு காரணமாகும். சைவ நூல்களை வாங்குவோரின் தொகை ஓர் எல்லைக்கு உட்பட்டது. உடல்நலத்தையும் மனவலிமையையும் பற்றிய நூல்களை அவ்வெல்லைக்கு வெளியே உள்ளோரும் வாங்குவர்.

குடியேறிய அவ்வாண்டில் வெளிவந்த நூல்களே இதனைக் காட்டும். ‘மரணத்தின்பின் மனிதர் நிலை’ என்னும் நூல் மேலைநாட்டு ஆவியுலக ஆராய்ச்சிகளையும் சைவ சித்தாந்த உயிர்க்கொள்கையையும் இணைக்க முயல்கிறது. ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ ஆங்கிலப் புதின ஆசிரியர் ரெயினால்ட்ஸின் ‘லெய்லா’ என்னும் நூலைத் தழுவியது. சித்தாந்த அறிஞர் ஒருவர் ஒரே காலத்தில் ஆவியுலகையும் காதற் புதினத்தையும் கையாண்டமை, தம் வாசகர் வட்டத்தை விரிவாக்கும் முயற்சி தனித்தமிழுக்கு முன்னரே தொடங்கிவிட்டது என்பதனை உணர்த்துகிறது.

3. 1916: முத்திரைக் கருத்தின் தோற்றம்

தனித்தமிழ்க் கொள்கையின் தோற்றம் ஒரு குடும்ப நிகழ்வாகவே பெரிதும் எடுத்துரைக்கப்படுகிறது. திருவருட்பாப் பாடலொன்றைப் பாடிய அடிகள், அதில் வரும் ‘தேகம்’ என்னும் வடசொல்லின் இடத்தில் ‘யாக்கை’ என்னும் தமிழ்ச்சொல் அமைந்திருப்பின் ஓசையினிமை மிகுந்திருக்கும் எனத் தம் மகள் நீலாம்பிகையிடம் கூறினார் என்பதும், இனிப் பிறமொழிச் சொற்களை நீக்கியே எழுதவும் பேசவும் வேண்டும் எனத் தந்தையும் மகளும் உறுதிபூண்டனர் என்பதும் அச்செய்தியாகும். நீலாம்பிகைக்கு அப்போது ஏறத்தாழப் பதின்மூன்று அகவை.

இந்நிகழ்வு இயக்கத்தின் தோற்றக்கதையாகத் திரும்பத் திரும்பக் கூறப்படுவதற்கு அதன் எளிமையே காரணம். அருட்பாவை நிலைநாட்டச் சொற்போர் நிகழ்த்தியவரே அருட்பாவின் சொல்லொன்றை மாற்றிப் பார்க்க முன்வந்தார் என்பது அதன் உட்பொருளாகும். பற்றுக் குறைவினால் அன்றி, மொழிப்பற்று சமயப்பற்றிற்கு இணையான இடத்தை அடைந்தமையால் நேர்ந்த மாற்றம் இது. அதே 1916ஆம் ஆண்டின் இறுதியில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றியதும் பிராமணரல்லாதார் அறிக்கை வெளியானதும் கருத்தில் கொள்ளத்தக்கவை. அடிகள் அவ்வமைப்பின் வழியே தம் கொள்கையை வகுத்தவர் அல்லர். ஆயினும், வடமொழி மேலாண்மைக்கு எதிரான ஒரு மொழிக்கொள்கையை ஏற்கும் வாசகர் கூட்டம் அவ்வரசியற் சூழலில் வளர்ந்துகொண்டிருந்தது.

4. பின்னோக்கிப் படர்ந்த கருத்து

தனித்தமிழ்க் கொள்கை 1916க்குப் பிந்தைய எழுத்துகளோடு நின்றுவிடவில்லை. முந்தைய பெயர்களையும் நூல்களையும் நோக்கி அது பின்னோக்கிப் படர்ந்தது. வேதாசலம் என்பது மறைமலை ஆயிற்று. வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும் பெயர்க்கப்பட்டன. ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் எனப் பெயர் பெற்றது. மக்களின் பெயர்களும் மாறின. ஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பாகவும், மாணிக்கவாசகம் மணிமொழியாகவும், சுந்தரமூர்த்தி அழகுருவாகவும், திரிபுரசுந்தரி முந்நகரழகியாகவும் ஆயினர். சமய குரவர்களின் பெயர்களே இவ்வாறு பெயர்க்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

பெயர்களைவிட முதன்மையானது நூல்களின் திருத்தமாகும். 1916க்கு முன்னர் எழுதப்பட்ட நூல்கள் மறுபதிப்புப் பெற்றபோது அவற்றிலிருந்த வடசொற்களை நீக்கித் தமிழ்ச்சொற்களை அமைத்தார். இதனால் ஆய்வாளருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. இன்று புழக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் திருத்தப்பெற்ற பதிப்புகளே. 1903ஆம் ஆண்டு முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையையும் 1907ஆம் ஆண்டு சாகுந்தலத்தையும் அப்பதிப்புகளின் வழியே படிக்கும் ஒருவர், அடிகள் தொடக்கம் முதலே தனித்தமிழ் நடையில் எழுதினார் எனக் கருத இடமுண்டு. ஆண்டு பழையது, நடை புதியது. ஆகவே அடிகளின் உரைநடை வளர்ச்சியை ஆராய்வோர் முதற்பதிப்பினையும் திருத்தப் பதிப்பினையும் ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும்.

இத்திருத்தத்தை வெறும் சொல்மாற்றமாகக் கருதுதல் பொருந்தாது. ஒரு சிந்தனையாளர் தம் முத்திரைக் கருத்துக்கு இசையத் தம் இறந்தகாலத்தையே மீண்டும் எழுதும் செயல் இது. பிறர் அவரைத் தனித்தமிழ் என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடக்குவதற்கு முன்னரே, அவ்வடக்கத்தின் முதற்படியை அவரே நிகழ்த்தினார்.

5. முத்திரைக்கு அப்பால்: 1920க்குப் பிந்தைய நூல்கள்

அவ்வாறாயினும் அடிகள் தனித்தமிழைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார் அல்லர். 1920களிலும் 1930களிலும் வெளிவந்த அவருடைய நூல்களின் பட்டியல் இதனைத் தெளிவாக்கும். ‘பொருந்தும் உணவும் பொருந்தா உணவும்’ (1921) புலால் மறுத்தலையும் உணவொழுங்கையும் பேசுகிறது. ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ (1921) கடித வடிவில் அமைந்த புதினமாகும். இளங்கைம்பெண் ஒருத்தியின் காதலை மையமாகக் கொண்டது. ‘யோகநித்திரை அல்லது அறிதுயில்’ (1922), ‘மனித வசியம் அல்லது மனக்கவர்ச்சி’ (1927), ‘தொலைவிலுணர்தல்’ (1935) ஆகியவை மனத்தின் ஆற்றல்களை விளக்க முற்படுபவை. ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ (1933) நீண்ட ஆயுளுக்கான வழிகளைக் கூறுவது. ‘மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்’ (1930) மாணிக்கவாசகரைக் கி.பி. மூன்றாம் நூற்றாண்டினராக நிறுவ முயலும் பெருநூல்.

இந்நூல்கள் வெவ்வேறு துறைகளைச் சார்ந்தவையாயினும் அவற்றினிடையே ஓர் உள்ளிணைப்பு உண்டு. உடல், மனம், உயிர் ஆகிய மூன்றையும் செம்மைப்படுத்துதல் சைவ வாழ்வின் பகுதி என்பதே அவ்விணைப்பாகும். அறிதுயிலும் மனக்கவர்ச்சியும் மேலைநாட்டில் அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டவை. அடிகள் அவற்றை யோகநெறியோடு தொடர்புபடுத்தினார். உணவொழுங்கைக் கொல்லாமையோடும், நீண்ட வாழ்வை இறையுணர்வோடும் தொடர்புபடுத்தினார். மையக் கருத்தினின்று விலகிச் செல்லாமல், அதன் எல்லையை அகலப்படுத்திக்கொண்டே செல்லும் முறை இது. ஆனால் அவர்தம் அறிவுலகின் மையம் சைவமே. தனித்தமிழ் அம்மையத்தின் மொழிவடிவமாகவே அவருக்கு அமைந்தது.

தலைப்புகளின் அமைப்பும் கருதத்தக்கது. ‘யோகநித்திரை அல்லது அறிதுயில்’, ‘மனித வசியம் அல்லது மனக்கவர்ச்சி’ என்னும் இரட்டைத் தலைப்புகளில் முன்னது வாசகர் அறிந்த வழக்குச்சொல். பின்னது ஆசிரியர் நிலைநாட்ட விரும்பும் தமிழ்ச்சொல். நூலை வாங்க வருபவருக்குப் பொருள் விளங்க வேண்டும், கொள்கையும் கைவிடப்படலாகாது. இவ்விரு தேவைகளையும் ‘அல்லது’ என்னும் இடைச்சொல் இணைக்கிறது. 1935ஆம் ஆண்டு நூலின் தலைப்பு ‘தொலைவிலுணர்தல்’ எனத் தமிழில் மட்டுமே அமைந்திருப்பது, அக்காலத்திற்குள் அவ்வகைச் சொல்லாக்கத்திற்கு வாசகர் ஓரளவு பழகிவிட்டனர் என எண்ண இடந்தருகிறது.

அடிகள் தம் நாட்குறிப்புகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. இதனை முரண்பாடு எனக் குறைகூறுவதைவிட, பொது அடையாளத்திற்கும் தனிப்பட்ட அறிவுப் பழக்கத்திற்கும் இடையே உள்ள இடைவெளிக்குச் சான்றாகக் கொள்வதே வரலாற்று நோக்கில் பயனுடையது. தனித்தமிழ் என்பது அவர் பொதுவெளியில் ஏற்ற பொறுப்பு. மும்மொழிப் புலமை அவர் இளமையிலேயே பெற்ற பயிற்சி.

6. தன்மதிப்பு இயக்கமும் இந்தி எதிர்ப்பும்

1925இல் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கிய ஈ.வெ.இராமசாமியின் தன்மதிப்பு இயக்கம், வடமொழி மேலாண்மையையும் பிராமணிய மேலாண்மையையும் எதிர்ப்பதில் அடிகளோடு ஒத்துநின்றது. ஆயினும் கடவுள் மறுப்பு இருவரையும் பிரித்தது. 1920களின் இறுதியில் சைவ மேடைகளுக்கும் தன்மதிப்பு இயக்கத்தாருக்கும் இடையே கடும் மோதல் நிகழ்ந்தது. அடிகளின் பேச்சைக் கண்டித்துக் ‘குடி அரசு’ எழுதியது. பின்னர் இணக்கமும் ஏற்பட்டது. இம்மோதலில் வெளிப்பட்டது ஒரு முதன்மையான உண்மை. அடிகளின் மொழிக்கொள்கையை ஏற்றோர் அனைவரும் அவருடைய சமயக்கொள்கையை ஏற்கவில்லை. அதாவது தனித்தமிழ் அதனைத் தோற்றுவித்தவரின் சைவத்தினின்று பிரிந்து தனியே இயங்கத் தொடங்கிவிட்டது.

1937இல் அமைந்த இராசாசியின் அமைச்சரவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்க முனைந்தபோது அப்பிரிவு மேலும் தெளிவாயிற்று. அடிகள் ‘இந்தி பொது மொழியா?’ என்னும் நூலை எழுதினார். எதிர்ப்புக் கூட்டங்களில் பேசினார். 1938 நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் நடைபெற்ற தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டிற்கு நீலாம்பிகை அம்மையார் தலைமை தாங்கினார். ஈ.வெ.இராமசாமியைப் ‘பெரியார்’ என அழைக்கத் தீர்மானித்தது அம்மாநாடே. சைவத் துறவியின் மகள் தலைமையேற்ற அவையில் கடவுள் மறுப்பாளருக்குச் சிறப்புப்பெயர் வழங்கப்பட்டது. மொழி என்னும் பொதுத்தளம் இருவேறு கொள்கையினரை இணைத்தது. அவ்விணைப்பில் அடிகளின் சைவத்திற்கும் உளநூல்களுக்கும் இடமில்லாமற் போயிற்று. தனித்தமிழே அவர்தம் முகவரியாயிற்று.

7. ஒரு கருத்து மட்டும் நிலைத்தமைக்கான காரணங்கள்

அடிகளின் பல பணிகளுள் ஒன்று மட்டும் அவர் பெயரோடு நிலைத்தமைக்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, பின்பற்றுவதற்கான எளிமை. சித்தாந்தத்தைக் கற்க ஆசிரியரும் ஆண்டுகளும் தேவை. மாணிக்கவாசகரின் காலத்தைப் பற்றி வாதிட வடமொழி, தமிழ், கல்வெட்டுச் சான்றுகளில் பயிற்சி தேவை. தனித்தமிழைக் கைக்கொள்ளத் தம் பெயரை மாற்றிக்கொள்வதே தொடக்கமாக அமையும். கடிதத்தின் விளிச்சொல்லிலும் திருமண அழைப்பிலும் மேடைத் தலைப்பிலும் எவரும் அதனைச் செயற்படுத்த இயலும். நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் இராமையா அன்பழகனாகவும் ஆனமை, அக்கருத்து சைவ மடங்களையும் புலவர் அவைகளையும் கடந்து அரசியல் இயக்கத்தின் அன்றாட வழக்காயிற்று என்பதற்குச் சான்றாகும்.

இரண்டாவது, வழித்தோன்றல்களும் நிறுவனங்களும். 1920இல் தோன்றிய திருநெல்வேலித் தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அடிகளின் நூல்களையும் தனித்தமிழ் நடையையும் பரப்பியது. அதன் நிறுவனருள் ஒருவரான வ.திருவரங்கம் பிள்ளையை நீலாம்பிகை மணந்தார். நீலாம்பிகை வடசொற்களுக்கு ஈடான தமிழ்ச்சொற்களைத் தொகுத்து அகரவரிசை வெளியிட்டார். பின்னர்த் தேவநேயப் பாவாணர் வேர்ச்சொல்லாய்வின் வழியும், பெருஞ்சித்திரனார் 1959இல் தொடங்கிய ‘தென்மொழி’ இதழின் வழியும் அக்கொள்கையை வளர்த்தெடுத்தனர். இவ்வகையான வாரிசுத் தொடர்ச்சி அடிகளின் உளநூல்களுக்கோ புதினங்களுக்கோ அமையவில்லை.

மூன்றாவது, கருத்துகளின் ஆயுள். அறிதுயில், தொலைவிலுணர்தல் முதலியன குறித்த நூல்கள் தம் காலத்து மேலைநாட்டு ஆர்வங்களைச் சார்ந்திருந்தன. அவ்வார்வங்கள் தளர்ந்தபோது அந்நூல்களும் பின்தங்கின. தனித்தமிழோ கல்விமொழி, ஆட்சிமொழி, கலைச்சொல்லாக்கம் எனத் தலைமுறைதோறும் புதிய பயன்பாடுகளைப் பெற்றது.

திரு.வி.க.வோடு ஒப்பிடும்போது இது மேலும் விளங்கும். அரசியலுக்குத் ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ ஆகிய இதழ்களும், தொழிலாளர் நலனுக்கு 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கமும் அவருக்குத் துணைநின்றன. அவருடைய ஒவ்வொரு துறைக்கும் ஒரு கூட்டமைப்பு இருந்தது. அடிகளின் துறைகள் அனைத்தும் பல்லாவரத்து இல்லம் ஒன்றையே சார்ந்திருந்தன. கூட்டமைப்பைப் பெற்ற கருத்து வாழ்ந்தது. தனியொருவரின் உழைப்பை மட்டும் நம்பிய கருத்துகள் அவரோடு நின்றன.

8. சுருக்கத்தினால் நேரும் இழப்பு

ஒற்றை அடையாளம் ஒருவரின் புகழைக் காக்கிறது. அதே வேளையில் அவரை ஆய்வினின்றும் காத்துவிடுகிறது. ‘தனித்தமிழ்த் தந்தை’ என்னும் சிறப்புப்பெயரால் மறைக்கப்படுவன அடிகளின் நிறைகள் மட்டும் அல்ல. 1923இல் வெளிவந்த ‘வேளாளர் நாகரிகம்’ தமிழ் நாகரிகத்தை வேளாளர் வாழ்வோடும் கொல்லாமையோடும் ஒன்றாக்கிக் காண்கிறது. அதே ஆசிரியர் ‘சாதி வேற்றுமையும் போலிச் சைவரும்’ என்னும் நூலில் சைவருள் நிலவிய சாதி வேற்றுமையைக் கண்டிக்கிறார். இவ்விரு நூல்களையும் ஒருசேரப் படிக்கும்போதுதான் அவருடைய சமூக நோக்கின் எல்லைகளும் அவ்வெல்லைகளைக் கடக்க அவர் எடுத்த முயற்சியும் புலனாகும். ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘திராவிட இயக்கமும் வேளாளரும்’ போன்ற ஆய்வுகள் இத்திசையில் வழிகாட்டியுள்ளன.

அவ்வாறே, தமிழ்த் திறனாய்வு வரலாற்றில் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையின் இடமும், தமிழ்ப் புதின வரலாற்றில் ‘கோகிலாம்பாள் கடிதங்க’ளின் இடமும், தமிழில் உளவியல் எழுத்தின் தொடக்கத்தில் ‘அறிதுயில்’ முதலியவற்றின் இடமும் தனித்தனியே மதிப்பிடப்பட வேண்டியவை. இவை யாவும் மொழித்தூய்மையின் எடுத்துக்காட்டுகளாக மட்டும் படிக்கப்படும்போது, அவ்வத் துறைகளின் வரலாறே முழுமையற்றதாகிறது.

முடிவுரை

மறைமலையடிகள் 1950 செப்டம்பர் 15ஆம் நாள் மறைந்தார். அவர் தொகுத்த நூல்களைக் கொண்டு 1958இல் சென்னையில் மறைமலையடிகள் நூல்நிலையம் திறக்கப்பட்டது. அவருடைய மகன் மறை.திருநாவுக்கரசு எழுதிய வாழ்க்கை வரலாறு 1959இல் வெளிவந்தது.

அவர்தம் பொதுவாழ்வினின்று பெறப்படும் முடிவுகள் வருமாறு. தனித்தமிழ் அடிகளின் அறிவுவாழ்வின் தொடக்கம் அன்று. ஏற்கெனவே நிலைபெற்ற புலமையின் மேல் எழுந்த கருத்து. அது தோன்றிய பின்னர் அவருடைய பழைய பெயர்களையும் நூல்களையும் தன் வடிவிற்கு மாற்றிக்கொண்டது. அம்மாற்றத்தில் அடிகளுக்கே முதற்பங்கு உண்டு. அதனைக் கடந்து அவர் மேற்கொண்ட விரிவாக்கம் சைவ வாழ்வியல் என்னும் மையத்தோடு இணைந்திருந்தபோதும், கூட்டமைப்பும் வழித்தோன்றல்களும் இன்மையால் அவர் காலத்தோடு சுருங்கியது. எளிதிற் பின்பற்றத்தக்கதும் பிறர் தமதாக்கிக்கொள்ளத் தக்கதுமான கருத்தே ஆசிரியரைக் கடந்து வாழ்கிறது. அவ்வாறு வாழும்போது ஆசிரியரின் பிற கருத்துகளை அது தன்னோடு எடுத்துச் செல்வதில்லை.

எனவே அடிகளின் நூல்களை முதற்பதிப்பு, திருத்தப் பதிப்பு என வேறுபடுத்தி ஒப்பிடும் விரிவான பதிப்பாய்வும், ஞானசாகரம் இதழ்த் தொகுதிகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் ஆய்வும் உடனடித் தேவைகளாகும். அவை நிறைவேறும்போது தனித்தமிழின் சிறப்புக் குறைவதில்லை. எத்தகைய பரந்த அறிவுநிலத்தில் அக்கருத்து வேரூன்றி வளர்ந்தது என்பதே தெளிவாகும்.